பின் டிஃபில் கெட்டி ஆயில் ஊற்றினால் பிடிப்பு கூடுமா?

பிப்ரவரி 3 – வந்த கேள்வி

1/8 அளவு எலக்ட்ரிக் பகி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் பந்தயக் கார், வைத்திருக்கிறேன். மூன்று டிஃப் (டிஃபரென்ஷியல், இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் டப்பா). உள்ளே இருக்கும் சிலிக்கான் ஆயிலின் கெட்டித்தன்மை எண் முன் 5000, நடு 5000, பின் 3000. மண் ட்ராக், மேலே தூசி. வளைவிலிருந்து வெளியே வரும்போது த்ராட்டில் கொடுத்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னால் 10000 ஊற்றினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளும், பிடிப்பு கூடும் என்கிறார்கள். ஊற்றலாமா?

பிப்ரவரி 3, இரவு

ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்கிற வழுக்கல் 10000-இல் இன்னும் மோசமாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். முதலில் டயரைப் பாருங்கள். டயர் சரியாக இருந்தால் பின்பக்கத்தை 3000-இலிருந்து 2000-க்கு இறக்கி ஓட்டுங்கள். காரணத்தை இரண்டு வரியில் சொல்ல முடியாது, நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

கெட்டி ஆயில் என்றால் பிடிப்பு என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருக்கிறது. நேர்கோட்டில் அது உண்மைதான். வளைவில்தான் சிக்கல்.

டிஃபைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ரிங் கியர் ஒரு டப்பாவைச் சுற்றுகிறது. டப்பாவுக்குள் குறுக்குக் கம்பிகளில் சின்ன ஸ்பைடர் கியர்கள், இரண்டு பக்கமும் அவற்றோடு பல் கோத்த பெரிய சன் கியர்கள். சன் கியரிலிருந்து சக்கரம். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் போனால் உள்ளே எதுவும் எதன்மேலும் உருளாது, எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது 1000 ஆனாலும் 100000 ஆனாலும் ஒன்றுதான். வேக வித்தியாசம் வந்தால்தான் ஸ்பைடர் கியர்கள் கம்பியில் உருளும், பற்களுக்கு நடுவே ஆயில் நசுங்கிப் பிதுங்கும், தடை பிறக்கும். வித்தியாசம் கூடக் கூடத் தடையும் கூடும்.

அந்தத் தடை எந்தத் திசையில் வேலை செய்கிறது? என்னைப் பொறுத்தவரை இந்த விஷயம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. வேகமாகச் சுற்றும் பக்கத்திடமிருந்து விசையை வாங்கி, மெதுவாகச் சுற்றும் பக்கத்துக்கு ஆயில் கொடுக்கிறது. ஆயில் செய்யும் வேலை இவ்வளவுதான். செட்டப் அட்டவணைகளில் பார்க்கிற வரிகள் எல்லாமே இதிலிருந்து வருபவை. இது பிடிபட்டுவிட்டால் அட்டவணையே தேவைப்படாது.

இப்போது பின் டிஃபுக்கு வருவோம். ஒரே வளைவில் இரண்டு நிலைமை வரும்.

முதல் நிலைமை: த்ராட்டில் குறைவு, இரண்டு பின்சக்கரமும் தரையைப் பிடித்திருக்கின்றன. உள் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, அதனால் மெதுவாகச் சுற்றுகிறது. ஆயில் வெளிச் சக்கரத்திடம் வாங்கி உள் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. உள்பக்கம் அதிகமாகத் தள்ளினால் காரின் மூக்கு வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். கெட்டி ஆயில் காரை நேராக ஓட வைக்கும்.

இரண்டாவது நிலைமை: த்ராட்டில் கொடுத்துவிட்டீர்கள். உள் சக்கரத்தின் மேல் பாரம் குறைவு, அது பிடிப்பை விட்டு வேகமாகச் சுழல்கிறது. இப்போது உள் சக்கரம்தான் வேகமானது. ஆயில் அதனிடம் வாங்கி வெளிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. வெளிப்பக்கத் தள்ளல் மூக்கை உள்ளே திருப்பும். போதாததற்கு வெளிச் சக்கரம் ஏற்கெனவே பக்கவாட்டில் காரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னும் விசையை ஏற்றினால் அதுவும் பிடிப்பை விடும். அப்போது பின்பக்கம் மொத்தமாக வெளியே வீசும்.

அதே ஆயில், அதே வளைவு. நுழையும்போது காரைத் திரும்பவிடாமல் செய்தது வெளியே வரும்போது அளவுக்கு மீறித் திருப்புகிறது. தூசி ட்ராக்கில் நீங்கள் மாட்டியிருப்பது இரண்டாவது நிலைமையில் என்று நினைக்கிறேன். அதனால்தான் 10000 வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் கெட்டி ஆயில் எல்லா வளைவிலும் காரைத் திரும்பவிடாதே, எப்படி ஓட்டுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இடது சக்கரத்தின் நடுவிலிருந்து வலது சக்கரத்தின் நடுவுக்கு 26 செ.மீ. என்று வைப்போம். சக்கரத்தின் விட்டம் 11.5 செ.மீ., சுற்றளவு சுமார் 36 செ.மீ. ஒரு மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறீர்கள். உள், வெளிச் சக்கரங்களுக்கு இடையே வேக வித்தியாசம் நொடிக்கு 78 செ.மீ. அதாவது நொடிக்கு இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். இது வளைவில் திரும்புவதற்காக மட்டும் வரும் வித்தியாசம்.

இப்போது உள் சக்கரம் பிடிப்பை விட்டு, வெளிச் சக்கரத்தைவிட நொடிக்கு 10 மீட்டர் கூடுதலாகச் சுழல்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் நொடிக்கு 28 சுற்று. முன்னதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தடை வித்தியாசத்தோடு வளர்வதால், ஆயில் சாதாரணத் திருப்பத்தைப் பெரிதாகக் கெடுக்காது, வெறித்தனமாகச் சுழலும் சக்கரத்தைப் பலமாகப் பிடிக்கும். இத்தனை வருடமாக ஆயிலை நம்பி ஓட்ட முடிவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

பிப்ரவரி 6

முன் டிஃப்.

த்ராட்டிலை விட்டு வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். கெட்டி ஆயில் அவற்றை ஒன்றாகக் கட்டிப் போடப் பார்க்கும். மூக்கு உள்ளே வராது. லேசான ஆயில் என்றால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு உள்ளே பாயும். ரொம்ப லேசாகப் போனால் அந்தப் பாய்ச்சல் பதற்றமாக மாறும், நுழையும் ஒவ்வொரு முறையும் கையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வெளியே வரும்போது கதை மாறும். த்ராட்டில் ஏறியதும் பாரம் பின்னால் போகிறது, உள் முன்சக்கரம் காற்றில் இருப்பது போல ஆகிவிடுகிறது. லேசான ஆயிலில் விசை அந்தச் சக்கரத்தில் வீணாகும். கெட்டி ஆயில் அதை வெளி முன்சக்கரத்துக்குக் கொடுக்கும், முன்பக்கம் காரைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். முன் டிஃபில் கெட்டி என்றால் ஸ்டியரிங் குறையும் என்று ஒருவரும், கூடும் என்று இன்னொருவரும் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒருவர் நுழைவதைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் வெளியேறுவதைப் பற்றி.

எனக்கு முன்பக்கம் கொஞ்சம் கெட்டியாக இருப்பது பிடிக்கும். மண்ணில் 7000, சில நேரம் 10000. த்ராட்டிலில் காரைத் திருப்பிப் பழகிய கை. பிரேக் அடித்து, சறுக்காமல் உருட்டிக்கொண்டு வளைவில் நுழைகிறவர்களுக்கு இது பிடிக்காது. இதில் சரி, தப்பு கிடையாது.

பிப்ரவரி 7

நடு டிஃபைப் பற்றித்தான் எழுத ஆசை. மூன்றிலும் அதிகம் கவனிக்கப்படாதது, அதிகம் மாற்றத்தைக் காட்டுவது. இங்கேயும் அதே விதி, பக்கங்களுக்குப் பதிலாக முன், பின்.

முழு த்ராட்டில் கொடுத்ததும் முன்பக்கம் லேசாகும், முன்சக்கரங்கள் வேகமாகச் சுழலும். லேசான நடு ஆயில் என்றால் முன் டயர்கள் தட்டுப் போல விரிந்து பெருத்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விசை அங்கே கசிந்துகொண்டிருக்கிறது. கெட்டி ஆயில் அதைப் பின்னால் அனுப்பும், கார் சீறிக்கொண்டு கிளம்பும். வளைவிலும் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போவதால் அவைதான் சற்று வேகம், அங்கேயும் விசை பின்னால்தான் போகும். பின்சக்கரங்கள் பிடிப்பை விட்டால் மட்டும் விசை முன்னால் வரும்.

நடு டிஃபில் 5000 என்பதும் பின் டிஃபில் 5000 என்பதும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. நடு டிஃபுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இன்னொரு கியர் இறக்கம் இருக்கிறது. 43 பல் ரிங் கியர், அதைச் சுற்றும் சின்னப் பினியன் கியர் 13 பல் என்றால் 3.3 மடங்கு. சக்கரத்தில் தெரிகிற வேக வித்தியாசம் நடு டிஃபில் 3.3 மடங்காகத் தெரியும். அங்கே பிறக்கும் தடை சக்கரத்துக்கு வரும்போது மறுபடி 3.3 மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் பத்து மடங்குக்கு மேல். காகிதக் கணக்குத்தான், உண்மையில் கெட்டி சிலிக்கான் ஆயில் வேகமாக நசுங்கும்போது கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்பதால் அவ்வளவு வராது. ஆனாலும் நடு டிஃபில் ஒரு படி மாற்றினால் கார் முழுக்க மாறியது போல இருப்பதற்கு இது ஒரு விளக்கம். நடு டிஃப் சீக்கிரம் சூடாவதற்கும்.

எலக்ட்ரிக் காரில் இன்னொன்று. நைட்ரோ (எரிபொருள் எஞ்சின்) பகியில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி பிரேக் தட்டு, நடு டிஃபின் இரண்டு பக்கமும். எலக்ட்ரிக்கில் மோட்டார்தான் பிரேக், அது நடு டிஃப் வழியாகத்தான் போக வேண்டும். லேசான ஆயில் இருந்தால் பிரேக் விசை முன்பின் சமமாகப் பிரியும், பாரம் முன்னால் போய்விட்டதால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் ஆடும். கெட்டியாக்கினால் பின்சக்கரம் தனியாக நின்றுபோக முடியாது, கார் நேராக நிற்கும். பிரேக்கில் பின்பக்கம் ஆடுகிறது என்று பின் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நடு ஆயிலை ஒரு முறை பார்க்கலாம்.

பிப்ரவரி 9

முதல் நாள் 2000-க்கு இறக்கச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

வெளியே வரும்போது பின்பக்கம் சரியில்லை என்பது இரண்டு விதமாக இருக்கலாம். வால் பக்கவாட்டில் வீசுவது ஒன்று. வால் வீசாமல், சத்தம் மட்டும் ஏறி, உள் சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டு, கார் முன்னால் நகராமல் இருப்பது இன்னொன்று. இரண்டாவது என்றால் நான் சொன்னதற்கு நேர் எதிர், கெட்டியாக்கத்தான் வேண்டும். ஓட்டும் இடத்திலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். போனில் ஸ்லோ மோஷன் எடுத்து உள் சக்கரத்தை மட்டும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஒரு நாள் பிரித்து மாட்டுவது மிச்சம்.

பிப்ரவரி 9, இரவு

பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. வால்தான் வீசுகிறது, சரி. 2000 போடுங்கள்.

பிப்ரவரி 10

"3000-க்கு 2000, இவ்வளவு சின்ன மாற்றம் தெரியுமா?" தெரியும். எண்ணைக் கழித்துப் பார்க்காதீர்கள், வகுத்துப் பாருங்கள். 3000-இலிருந்து 2000 மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10000-இலிருந்து 9000 வெறும் பத்தில் ஒரு பங்கு, கையில் தெரியாது. கடையில் 1, 2, 3, 5, 7, 10 ஆயிரம் என்றும், பிறகு 20, 30, 50, 100 ஆயிரம் என்றும் படிகள் அகன்றுகொண்டே போவது இதனால்தான்.

கலப்பதும் இப்படித்தான். 3000-உம் 10000-உம் சம அளவில் கலந்தால் 6500 வராது, 5500-க்குப் பக்கத்தில் வரும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 5000-உம் 10000-உம் என்றால் 7000. கலந்த ஆயில் முழுக்க ஒன்றாகச் சேர நேரம் ஆகும், கிளறிவிட்டு உடனே ஊற்றாதீர்கள்.

அளவு பற்றி: டிஃப் ஆயில் புட்டியில் இருக்கும் எண் சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு), 25 டிகிரியில் அளந்தது. ஷாக் அப்சார்பர் ஆயிலில் வரும் 'வெயிட்' எண் வேறு. டீம் அசோசியேட்டட் கம்பெனியின் 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக்ஸ். வெயிட் எண் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. சென்டிஸ்டோக்ஸ் போட்டிருப்பதை மட்டும் ஒப்பிடுங்கள். அப்படியும் ஒரே கம்பெனி ஆயிலில் நிலைத்து நிற்பது நல்லது என்பது என் கருத்து. எண்ணைவிட, படிக்கும் படிக்கும் இடையே உள்ள தூரம் நம்பும்படி இருக்க வேண்டும்.

பிப்ரவரி 14

சூடு. இதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

சிலிக்கான் ஆயில் சாதாரண ஆயிலைப் போலச் சூட்டில் தண்ணீராகிவிடாது, அதனால்தான் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் மாறவே மாறாது என்று அர்த்தம் இல்லை. 25 டிகிரியில் 7000 இருப்பது 40-இல் சுமார் 5200 ஆகும், 60-இல் ஏறக்குறைய பாதி. 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 1.4 மடங்கு, அதாவது 9800. உங்கள் 5000-க்கும் 7000-க்கும் இடையே உள்ள படியை வெயில் ஒரே மதியத்தில் தாண்டிவிடும்.

காலையில் ஓட்டும்போது முன்பக்கம் திரும்பாமல் மந்தமாக இருந்து, மதியம் தானாகவே நன்றாகத் திரும்பினால் ட்ராக் மாறிவிட்டது என்போம். ட்ராக்கும் மாறியிருக்கும். ஆனால் ஆயிலும் இளகியிருக்கிறது. ஓட்டி முடித்ததும் நடு டிஃபைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் நீங்கள் ஊற்றிய எண்ணில் கார் ஓடவில்லை. நான் சூடு அளக்கும் துப்பாக்கியால் மூன்று டிஃபையும் அளந்து செட்டப் தாளில் எழுதி வைக்கிறேன். ஆயில் எண் மட்டும் எழுதிய செட்டப் தாள் எனக்குப் பாதித் தாள்தான்.

வேறொருவரின் செட்டப்பை அப்படியே எடுத்து ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்ததும் இதனால்தான். அவருடைய ஊர்க் குளிரில் 7-7-5 (முன், நடு, பின், ஆயிரத்தில்) என்றால் உங்கள் வெயிலில் அது வேறு கார்.

பிப்ரவரி 15

ஊற்றுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

பழைய ஆயிலை முழுக்கக் கழுவ வேண்டும். தண்ணீரும் சோப்பும் சிலிக்கானைத் தொடாது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சரியாகக் கரைக்காது. பிரேக் கிளீனர் கரைக்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஓ-ரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு அடியுங்கள், கிளீனர் மேலே பட்டால் ரப்பர் உப்பும்.

புது டிஃப் என்றால் முதல் ஆயிலை வெறும் பழக்கத்துக்கு என்று வையுங்கள். கியர்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும்போது உதிரும் உலோகத் தூளில் ஆயில் சாம்பல் நிறமாகும். அதைக் கொட்டிவிட்டு, கழுவி, ஷிம் (கியர் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் புதிதாக ஊற்றினால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். ஷிம் அதிகமாகிக் கியர் இறுகியிருந்தால் ஆயிலே இல்லாமலும் டிஃப் இறுக்கமாகத் தெரியும், அதை ஆயிலின் கணக்கில் எழுதிவிடுவோம்.

பாதி ஊற்றி, வெளியே வரும் அச்சைக் கையால் மெதுவாகச் சுற்றி, கியருக்கு அடியில் சிக்கிய காற்று மேலே வரும்வரை விடுங்கள். கெட்டி ஆயிலில் இதற்கு அவசரமே கூடாது. பிறகு குறுக்குக் கம்பி மூழ்கி ஸ்பைடர் பற்களின் முனை மட்டும் தெரியும் மட்டத்துக்கு நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்பினால் ஒழுகும். சிலிக்கான் ஆயில் 10 டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம் விரிகிறது, 40 டிகிரி ஏறினால் நான்கு சதவீதம், அதற்கு இடம் வேண்டும்.

அளவு பற்றி நான் பிடிவாதமாக இருக்கிறேன். கண்ணளவில் ஊற்றினால் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் அளவு மாறும். ஆயில் குறைந்தால் பற்களுக்கு நடுவே காற்று வந்து தடை குறையும், 5000 ஊற்றிவிட்டு 3000 போல ஓடும். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள். காலி டிஃபின் எடை, நிரப்பிய பின் எடை, இரண்டையும் எழுதுங்கள். இதைச் செய்யாமல் 5000-ஆ 6000-ஆ என்று பேசுவதில் பயனில்லை.

ஸ்குரூக்களைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஓ-ரிங் நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். சிலிக்கான் ஓ-ரிங் சிலிக்கான் ஆயிலில் ஊறிப் பெருக்கும்.

பிப்ரவரி 21

டூரிங் கார் (சமதளத்தில் ஓடும் ரோட் மாடல்) ஓட்டுகிறவர் ஒருவர், முன்னால் ஸ்பூல் (டிஃப் இல்லாமல் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் அச்சு) போட்டிருப்பதாகவும் விதி அங்கே பொருந்துமா என்றும் கேட்கிறார். பொருந்தும். ஸ்பூல் என்றால் முடிவில்லாத கெட்டி ஆயில். நுழையும்போது மூக்கு சற்றுத் தள்ளும், பிரேக் அருமையாக நிற்கும், வெளியே வரும்போது முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கார்ப்பெட் ட்ராக்கில் முன் டயருக்குப் பிடிப்பு ஏராளமாக இருப்பதால் நுழையும் தள்ளலைத் தாங்கிக்கொள்ளலாம். ட்ரிஃப்ட் காரில் பின்பக்கம் ஸ்பூல், காரணம் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்க வேண்டும் என்பதுதான்.

பால் டிஃப் (கியருக்குப் பதில் சின்னக் குண்டுகள் உள்ளது) வேறு சாதி. அங்கே தடை உராய்விலிருந்து வருகிறது, வேக வித்தியாசத்தைப் பெரிதாகப் பார்க்காது. மெதுவான திருப்பத்திலும் கிட்டத்தட்ட அதே தடை, சக்கரம் பறக்கும்போதும் அதே தடை. பால் டிஃபிலிருந்து கியர் டிஃபுக்கு மாறியவர்கள் மெதுவான வளைவில் கார் சுதந்திரமாகத் திரும்புகிறது என்றும், த்ராட்டிலில் இறுகுகிறது என்றும் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 22

மைதானத்தில் குதிக்கவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு: முன்பக்கம் தூக்கிக்கொண்டு கவிழ்கிறது என்றால் நடு ஆயிலை லேசாக்குங்கள். முன்சக்கரம் காற்றில் ஏறியதும் அதுதான் வேகமானது. கெட்டி ஆயில் அந்த விசையைப் பின்னால் அனுப்பி இன்னும் தூக்கும், லேசான ஆயில் அதைக் காற்றில் வீணாக்கும், மூக்கு இறங்கும். வீலி (முன்சக்கரத்தைத் தூக்கி ஓடுவது) வேண்டும் என்றால் இதற்கு எதிர், 100000-க்கு மேல் கூடப் போகலாம். ஆனால் குதித்து இறங்கும்போது த்ராட்டிலை விட்டுவிடுங்கள். இறுகிய நடு டிஃபில் முழு அதிர்ச்சியும் ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும் போகும்.

மார்ச் 1

நேற்று ஒரு நண்பரின் காரை ஓட்டினேன். நுழையும்போது அப்படி ஒரு திருப்பம், கத்தி மாதிரி. என்ன செட்டப் என்று கேட்டேன், முன் 10000 என்றார். 10000-இல் அப்படித் திரும்பாது. வெளியேறும்போது உள் முன்சக்கரம் காற்றாடி போலச் சுற்றியது வேறு. காரைத் தூக்கி, ஸ்பர் கியரை (மோட்டார் சுற்றும் பெரிய கியர்) பிடித்துக்கொண்டு ஒரு முன்சக்கரத்தைச் சுற்றினேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றியது. திறந்தால் உள்ளே அடியில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். கேஸ்கெட் ஒரு ஓரத்தில் மடிந்திருந்தது.

அவருக்கு அந்தத் திருப்பம் பிடித்திருந்தது. அதனால் கேஸ்கெட்டை மாற்றி 3000 ஊற்றினோம். நுழைவது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, வெளியேறுவது நிறையச் சீரானது. ஆயில் இல்லாத டிஃபில் கியர் வேகமாகத் தேயும், அதனால் பிடித்திருந்தாலும் அப்படியே விட முடியாது.

ஒவ்வொரு நாளும் ஓட்டுவதற்கு முன் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான். கார் திடீரென்று வேறு மாதிரி ஓடினால் செட்டப்பைத் தொடாதீர்கள், முதலில் மூன்று டிஃபையும் கையால் சுற்றுங்கள்.

மார்ச் 2

"உங்களுக்கு நிஜமாகவே 5000-க்கும் 7000-க்கும் வித்தியாசம் தெரிகிறதா, அல்லது மனசா?" என்று நேராகவே கேட்டிருக்கிறார் ஒருவர்.

இதை நான் சோதித்திருக்கிறேன். எந்த ஆயில் என்று சொல்லாமல் நண்பரை மாற்றச் சொல்லி ஓட்டினேன். நடு டிஃபில் நேர்கோட்டில் கிளம்பும்போதே தெரிந்தது. முன் டிஃபில் நுழையும்போது தெரிந்தது. பின் டிஃபில் 3000-க்கும் 5000-க்கும் இடையே, பிடிப்பு நன்றாக இருந்த நாளில், எனக்குத் தெரியவில்லை. தூசி இருந்த நாளில் உடனே தெரிந்தது. பிப்ரவரி 4-இல் எழுதிய இரண்டு நிலைமைகளை வைத்துப் பார்த்தால் இது நியாயம்தான். உள் சக்கரம் பிடிப்பை விடாதவரை பின் ஆயிலுக்கு வேலை குறைவு.

எனவே நீங்களும் இப்படிச் சோதியுங்கள். ஒரு டிஃபை மட்டும் மாற்றுங்கள். ஒரு படி போதாது, இரண்டு மடங்காகவோ பாதியாகவோ மாற்றுங்கள். முழு லேப்பையும் மதிப்பிடாதீர்கள், ஒரே ஒரு வளைவின் ஒரே ஒரு பகுதியை மட்டும் கவனியுங்கள். வித்தியாசம் தெரிந்த பிறகு நடுவில் எங்கே நிற்பது என்று தேடலாம்.

மார்ச் 8

2000 போட்டதில் வால் வீசுவது நின்றுவிட்டது, ஆனால் நேர்கோட்டில் கிளம்பும் வேகம் குறைந்தது போல இருக்கிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். பின்பக்கத்தைத் தொடாதீர்கள். நடு டிஃபை 5000-இலிருந்து 7000-க்கு ஏற்றுங்கள், கிளம்பும் வேகம் அங்கேயிருந்து வரும். பிரேக்கும் நேராகும். வளைவின் நடுவில் த்ராட்டில் கொடுக்கும்போது பின்பக்கம் மறுபடி வீச ஆரம்பித்தால் 6000-க்கு இறங்குங்கள். 5000-இல் அரைப் பங்கும் 7000-இல் அரைப் பங்கும் கலந்தால் 5900 வரும், அது போதும்.

100000 ஊற்ற அரை மணி நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொண்டவருக்கு: புட்டியை மூடியோடு வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு ஊற்றுங்கள். நிரப்பிய பிறகு குளிரவிட்டு மட்டத்தைப் பாருங்கள், சூட்டில் சரியாக இருந்தது ஆறினால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.